42,000 ரூபாய் வாங்கிக்கொண்டு படத்தைத் தர மாட்டார்களாம்: அப்பா அம்மாவுக்கு ஷூட் புக் பண்ணுகிறவர்கள் அவசியம் படியுங்கள்

இன்று மதியம்தான் அப்பா அம்மாவுக்குக் கல்யாண போட்டோ ஷூட் எடுத்த ஸ்டுடியோவிலிருந்து பதில் வந்தது. "நீங்க கட்டினது எக்ஸ்பீரியன்ஸுக்கு சார். போட்டோ தனி." அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. 42,000 ரூபாய் முழுசாக வாங்கிக்கொண்ட பிறகு சொல்கிற பதிலா இது?

புகார் போட்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. சென்னையில் இப்போது நிறைய வந்திருக்கும் தீம் ஸ்டுடியோ வகை. எண்பதுகளின் கல்யாண மேடை மாதிரி ஒரு செட், பழைய அம்பாசடர் கார், குழாய் ஸ்பீக்கர். உடை, மேக்கப், மாலை, டிபன் எல்லாம் அவர்களே. குடும்பத்தோடு வந்து அரை நாள் ஜாலியாக இருங்கள் என்று விளம்பரம்.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு காரணம் இருந்தது. அப்பா அம்மாவுக்கு 1988இல் கல்யாணம். இருந்தது ஒரே ஆல்பம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த அந்த ஆல்பம் ஊறிப்போனது. படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அம்மா ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார். முகம் இருந்த இடமெல்லாம் வெள்ளையாக உரிந்து வந்தது. நெகட்டிவும் அதே பையில்தான். அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்வதற்கு முன் அவர்கள் கையில் ஒரு கல்யாணப் படம் இருக்க வேண்டும் என்று நானும் தங்கையும் ஆசைப்பட்டோம்.

புக் பண்ணப் போன அன்று அங்கிருந்த பெண் இந்தக் கதையை முழுசாகக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவின் கையைப் பிடித்து, "அந்த ஆல்பத்தை நாங்க திருப்பித் தர்றோம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் 20,000 முன்பணம் கொடுத்தோம். கம்பெனி க்யூஆர் வேலை செய்யவில்லை என்று ஒரு தனிநபரின் யூபிஐ எண்ணைக் கொடுத்தார்கள். மீதி 22,000 ஷூட் அன்று காலையில், செட்டுக்குள் விடுவதற்கு முன்பே வாங்கிவிட்டார்கள்.

அந்த நாள் நன்றாகவே போனது, அதை மறைக்கவில்லை. அம்மா அரக்குப் பட்டில் வந்து நின்றபோது அப்பா வெட்கப்பட்டதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. மாலையும் கழுத்துமாக நின்ற அப்பாவிடம் ஒரு டேப்லெட்டை நீட்டி, "என்ட்ரிக்கு ஒரு சைன் போடுங்கப்பா" என்றார்கள். போட்டார். விளம்பரத்துக்குப் படங்களைப் பயன்படுத்தச் சம்மதம் என்பதும் அதில்தான் இருந்ததாம்.

அப்புறம் தொடங்கியது இழுத்தடிப்பு. எடிட்டிங்கில் இருக்கிறது. எடிட்டர் ஊருக்குப் போயிருக்கிறார். முகூர்த்த சீசன் சார், கொஞ்சம் பொறுங்க. பிறகு ஹார்ட் டிஸ்க் பழுது என்றார்கள். அதையும் நம்பிக் காத்திருந்தபோதுதான் தங்கை அவர்களுடைய இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல் பார்த்தாள். எங்கள் அப்பா அம்மா! பழுதான டிஸ்க்கிலிருந்து விளம்பரத்துக்கு மட்டும் படம் வந்துவிட்டது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பிக் கேட்ட பிறகு, குறுக்கே ஸ்டுடியோ பெயர் அச்சடித்த மங்கலான படங்கள் சில வாட்ஸ்அப்பில் வந்தன. தெளிவான படம் வேண்டுமானால் ஒன்றுக்கு 1,500 ரூபாயாம், ஆல்பத்துக்குத் தனி விலையாம். புக்கிங் நேரத்தில் இதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. அம்மாவின் கையைப் பிடித்த அந்தப் பெண் இப்போது போனையே எடுப்பதில்லை. மேனேஜரோ, "நல்லா என்ஜாய் பண்ணீங்கல்ல சார்?" என்கிறார். 42,000 ரூபாய்க்கு எங்கள் கையில் இருப்பது அந்த மங்கல் படங்கள்தான்.

ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். "வேறு ஒப்பந்தம்" என்பதற்காகத்தான் அந்த டேப்லெட். அதனால் கையெழுத்து கேட்டால் முழுசாகப் படிக்காமல் போடாதீர்கள், பெரியவர்களைப் போடவும் விடாதீர்கள்.

எத்தனை படம், என்ன தரத்தில், எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் வாங்குங்கள். குறைந்தது வாட்ஸ்அப்பிலாவது. படம் கைக்கு வரும்வரை ஒரு பங்குப் பணத்தை நிறுத்தி வையுங்கள். கடையின் பெயரில் இல்லாத எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள், பில் இல்லாமல் நகராதீர்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். அங்கே சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இதே மாதிரி செட் போட்ட ஸ்டுடியோவில் பணம் கட்டிவிட்டுப் படத்துக்காகக் காத்திருப்பவர்கள் ரசீதையும் மெசேஜையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். சேர்ந்தே புகார் கொடுப்போம்.