சனிக்கிழமை ராத்திரி காமிக்ஸ் ஏலம்: வாங்கியும் விற்றும் பார்த்தவன் சொல்வது

கோவில்பட்டியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஆணியைக்கூடத் தராசில் போட்டுக் காட்டித்தான் விற்க வேண்டும். அப்படிப்பட்ட ஆள், கையால் தொட்டே பார்க்காத ஒரு பழைய புத்தகத்துக்கு ராத்திரி பத்து மணிக்கு போனில் 2,200 ரூபாய்க்கு ஏலம் கேட்டுவிட்டு நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருந்தால் வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? "அதுல என்னதான் இருக்கு?" என்றாள். காமிக்ஸ் நாயகர் இரும்புக்கை மாயாவி இருக்கிறார் என்று சொன்னால் புரியாது என்பதால் பேசாமல் இருந்துவிட்டேன்.

பழைய தமிழ் காமிக்ஸ் சேர்ப்பவர்கள் வாட்ஸப்பில் நடத்தும் வார ஏலம் ஒன்றில் இரண்டு வருடமாக இருக்கிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. குறையும் சொல்லப் போகிறேன், நடத்துபவர் நல்ல மனிதர். இதுவரை 19 இதழ்கள் எடுத்திருக்கிறேன், ஆறு விற்றிருக்கிறேன்.

நடைமுறை எளிது. வெள்ளிக்கிழமை படங்கள் வந்துவிடும். சனிக்கிழமை எட்டு மணிக்கு ஏலம் தொடங்கி, பத்துக்கு முடியும். ஐம்பது ஐம்பதாக ஏற்ற வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது கேட்டால் இன்னொரு ஐந்து நிமிடம் நீளும். ஒரு தரம், ரெண்டு தரம் என்று அவர் தட்டச்சு செய்து, மூணாவது தரத்துக்கு ஒரு சுத்தியல் படம் போடுவார். மறுநாளுக்குள் ஜிபேயில் பணம், தபால் செலவு தனி. விற்பவரிடம் நூற்றுக்குப் பத்து கமிஷன்.

அந்த ஐந்து நிமிட நீட்டிப்புதான் இதன் பெரிய பலம். இதற்கு முன் பொதுவான ஏலத் தளம் ஒன்றில் கேட்டுப் பார்த்தேன். அங்கே கடைசி மூன்று நொடியில் எவனோ வந்து பத்து ரூபாய் கூட்டி அள்ளிக்கொண்டு போய்விடுவான். இங்கே அந்த வேலை நடக்காது, ஆனால் தூக்கம் போகும். ஸ்பைடர் என்ற காமிக்ஸ் நாயகரின் இதழ் ஒன்றுக்கு நானும் சேலத்துக்காரர் ஒருவரும் மோதி, பத்துக்கு முடிய வேண்டியது 11:40 வரை போனது. எனக்கு ஏலச்சீட்டுப் பழக்கம் உண்டு. சீட்டில் தள்ளிக் கேட்போம், இங்கே ஏற்றிக் கேட்க வேண்டும். முதல் மாதம் அந்தத் திசை பிடிபடாமலே கையைச் சுட்டுக்கொண்டேன்.

இனி சரக்கு விஷயம். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் பழைய இதழ் எந்த நிலையில் இருக்கிறது என்று மதிப்பிட ஒரு முறை வைத்திருக்கிறார்கள். சி.ஜி.சி. என்ற நிறுவனம் 2000-இல் இருந்து காமிக்ஸுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் மூடி முத்திரை வைத்துக் கொடுக்கிறது. 1938-இல் பத்து சென்டுக்கு விற்ற ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழ், அதாவது சூப்பர்மேன் முதன்முதலில் வந்த இதழ், 2014-இல் ஈபே ஏலத்தில் 32 லட்சம் டாலருக்குப் போனது. அதற்கு மதிப்பெண் 9.0. அவ்வளவு பணம் கொடுப்பவர் நம்புவது விற்பவரின் வாயை அல்ல, அந்த எண்ணை. ஒட்டுப்போட்டுச் சரிசெய்த பிரதி என்றால் ஊதா நிற லேபிள் ஒட்டிக் காட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் ஏலத்தில் அந்த இடத்தில் இருப்பது "நல்ல கண்டிஷன் சார்" என்ற ஒரே ஒரு வரி. நல்ல கண்டிஷன் என்றால் என்ன? எனக்கு வந்து சேர்ந்த நல்ல கண்டிஷன்களில் வாடகை நூல்நிலைய முத்திரை ஐந்து இடத்தில் குத்தியது ஒன்று. ராமபாணப் பூச்சி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நேராகத் துளை போட்டது ஒன்று, டிரில் பிட் வைத்தால்கூட அவ்வளவு நேராக வராது. முதுகில் செலோடேப் ஒட்டி, அதன் பசை காபிக் கறை மாதிரி உள்ளே இறங்கியது இன்னொன்று. முத்திரை பரவாயில்லை, அது அந்தப் புத்தகம் வாழ்ந்த வாழ்க்கை. செலோடேப்பை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

நடுவில் பின் அடித்த இதழ்களில் இன்னொரு வினை. பின் துருப்பிடித்தால் முதலில் கழன்று விழுவது நடுத்தாள். ஒரு தாள் போனால் நாலு பக்கம் போச்சு. அட்டையை மட்டும் படம் எடுத்துப் போடுபவரிடம் நான் முதலில் கேட்பது நடுப்பக்கப் படத்தைத்தான். பதில் வராவிட்டால் ஏலம் கேட்க மாட்டேன். நடத்துபவர் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று மூன்று முறை எழுதிவிட்டேன். "பரிசீலிக்கிறோம் அண்ணாச்சி" என்று கும்பிடு போட்டிருக்கிறார்.

அடுத்தது மறுபதிப்புக் குழப்பம். முத்து காமிக்ஸின் முதல் இதழ் 1972 ஜனவரியில் வந்த 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்தில் 1962 முதல் வேலியன்ட் வார இதழில் வந்த கதையைச் சிவகாசிக்காரர்கள் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு மாயாவி எத்தனையோ முறை மறுபதிப்பாகிவிட்டார். மறுபதிப்பின் அட்டையையும் முகவரிப் பக்கத்தையும் கிழித்துவிட்டு 'முதல் பதிப்பு, அட்டை இல்லை' என்று போடும் கெட்டிக்காரர்கள் உண்டு. உள்ளே இருக்கும் விளம்பரங்களைப் பாருங்கள். பின்னாளில் வந்த இதழுக்கு விளம்பரம் இருந்தால் அது பழையது இல்லை. நான் இன்னொன்றும் பார்ப்பேன். பின்கோடு நம் நாட்டில் வந்ததே 1972 ஆகஸ்ட் 15-இல். ஜனவரி இதழ் என்று சொல்லி, உள்ளே முகவரியில் ஆறு இலக்கம் இருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். போன வருடம் ஒருவர் அப்படித்தான் மாட்டினார்.

புதிதாக வருபவர்களுக்கு இன்னொரு பொறி, மாயாவி என்ற பெயர். முத்துவில் மாயாவி என்றால் மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் ஆள். 1984-இல் தொடங்கிய ராணி காமிக்ஸில் மாயாவி என்றால் காட்டில் குதிரையில் போகும் முகமூடி வீரர், ஆங்கிலத்தில் ஃபேன்டம். 'அரிய மாயாவி இதழ்' என்று மொட்டையாகப் போட்டதைப் பார்த்து, துபாயில் இருக்கும் ஒரு தம்பி 900 வரை ஏற்றி எடுத்தான். பிரித்துப் பார்த்தால் குதிரை.

விற்ற அனுபவத்தில் குறை இல்லை. அதே 1984-இல் லயன் காமிக்ஸ் முதல் இதழாக வந்த 'கத்தி முனையில் மாடஸ்டி' என்னிடம் இரண்டு இருந்தது. ஒன்று பத்து வயதில் நானே காசு சேர்த்து வாங்கியது, இன்னொன்று பிற்பாடு பழைய பேப்பர் கடையில் எடையில் கிடைத்தது. எடைக்கு வாங்கியதை ஏலத்துக்கு விட்டேன். பின்னட்டையில் மடிப்பு, ஏழாம் பக்கத்தில் பேனாக் கிறுக்கல், எல்லாவற்றையும் படம் பிடித்துப் போட்டேன். 300-இல் தொடங்கி 3,450-க்குப் போனது. கமிஷன் 345 போக மீதி 3,105 ஞாயிற்றுக்கிழமை மதியமே கணக்கில் ஏறிவிட்டது. குறையைச் சொன்னதால் விலை குறைந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. ஹார்டுபோர்டு இரண்டு துண்டு வெட்டி நடுவில் வைத்துக் கட்டித்தான் அனுப்பினேன். எனக்கு ஒருவர் அனுப்பிய லட்சணம் வேறு. நாற்பது வருடத்துக் காகிதத்தைக் காலண்டர் மாதிரி சுருட்டி, மேலே ரப்பர் பேண்டு போட்டிருந்தார். முதுகு மூன்று இடத்தில் வெடித்திருந்தது.

என் பெரிய மனத்தாங்கல் ஏற்றிவிடும் ஆட்கள் மேல். ஒரு இதழுக்கு 1,100-இல் நான் மட்டும்தான் நின்றேன். அதுவரை வாயே திறக்காத ஒருவர் நுழைந்து ஏற்றினார். நானும் ரோஷத்தில் ஏறினேன். அவர் 1,900 என்றதும் விட்டுவிட்டேன். மறுநாள் செய்தி வருகிறது: "வென்றவர் பின்வாங்கிவிட்டார், உங்கள் கடைசி விலை 1,850-க்கே எடுத்துக்கொள்ளலாம்." அந்த ஆள் வருவதற்கு முன் நான் நின்ற விலைக்குத் தாருங்கள் என்றேன். விதி அப்படி இல்லையாம். அவர் விற்பவரின் மச்சானா, நிஜமாகவே கையில் காசில்லாதவரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பின்வாங்கியவர் அடுத்த வாரமும் ஜாம் ஜாமென்று ஏலம் கேட்டார். முன்பணம் ஐநூறு ரூபாய் கட்டினால்தான் கேட்க முடியும் என்று வைத்தால் இந்தக் கூத்து அன்றைக்கே நின்றுவிடும். அது வரும்வரை இந்த ஏலத்துக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண்ணுக்கு மேல் கொடுக்க எனக்கு மனசில்லை. அந்த மூன்றரையில் பாதி, பணத்தைச் சுத்தமாகக் கைமாற்றுவதற்காக.

மீதிக்கு ஒரு காரணம் உண்டு. நடுத்தாள் இல்லை என்று நேர்மையாகச் சொல்லி விற்ற ஒரு ராணி காமிக்ஸை 150-க்கு எடுத்திருந்தேன். சின்ன வயதில் என்னிடம் இருந்ததிலும் அந்த நாலு பக்கம் இல்லை. தம்பி கப்பல் செய்துவிட்டான். இதைக் குழுவில் சொன்னபோது, நடத்துபவர் தேடி, அதே இதழை அட்டையில்லாமல் வைத்திருந்த திருப்பூர்க்காரர் ஒருவரிடம் பேசி, அந்த ஒரு தாளை மட்டும் 200 ரூபாய்க்கு வாங்கித் தந்தார். கமிஷன் வேண்டாம் என்றுவிட்டார். தாள் வந்த அன்று கடையில் கல்லாவிலேயே வைத்துப் படித்தேன். நாலு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் விளம்பரம்.