‘ஃபுல் சிஸ்டம் பேக்கப்’ என்று பில் போட்டுவிட்டு கணக்கைத் தொலைத்த கடை: எஸ்எஸ்டி மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு

பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிரைவ் போடப் போகிறீர்களா? கடையில் “ஃபுல் பேக்கப் எடுத்துத் தர்றோம்” என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். என்ன பேக்கப், எதில் எடுக்கிறார்கள், பழைய டிஸ்க் நம் கைக்கு வருமா, இந்த மூன்றையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். கடையின் பெயரை இங்கே போடவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் வீட்டிலிருந்தே சில கடைகளுக்கு டாலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாகிவிட்டதால் 1 டிபி ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் 500 ஜிபி எஸ்எஸ்டி போடக் கொடுத்தேன். கொடுக்கும்போதே தெளிவாகச் சொன்னேன்: “விண்டோஸ், டாலி, பிரிண்டர், எல்லாம் இப்ப எப்படி இருக்கோ அப்படியே வேணும். புதுசா இன்ஸ்டால் பண்ணக் கூடாது.” கவுண்டரில் இருந்த பையன், “அதுக்குத்தான்க்கா சிஸ்டம் இமேஜ் இருக்கு. அப்படியே தூக்கி அப்படியே வெச்சிருவோம்” என்றான். அதற்குத் தனியாகப் பணம் கட்டினேன். பில்லில் ‘ஃபுல் சிஸ்டம் பேக்கப்’ என்று தனி வரியே இருக்கிறது.

திரும்பி வந்த கம்ப்யூட்டர் நல்ல வேகம். டெஸ்க்டாப் ஃபைல்கள், டாக்குமெண்ட்ஸ், போட்டோக்கள் எல்லாம் இருந்தன. டாலி ஐகானும் இருந்தது. திறந்து பார்த்தால், நான் கணக்கு எழுதி வைத்திருந்த ஒரு கம்பெனிகூட இல்லை. குரோமில் புக்மார்க் இல்லை, சேமித்து வைத்த பாஸ்வேர்டு இல்லை. அப்பா பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்திருந்த கோயில் கமிட்டிக் கடிதங்களைத் திறந்தால், பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது.

பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பிக்கு போன் போட்டேன். கடையில் கொடுத்த பேக்கப் ஃபோல்டரைத் திறக்கச் சொன்னான். “விண்டோஸோட இமேஜ்னா ‘விண்டோஸ்இமேஜ்பேக்கப்’னு ஒரு ஃபோல்டர் இருக்கும்க்கா. உள்ளே விஎச்டிஎக்ஸ்னு முடியுற பெரிய ஃபைல் இருக்கும். இருக்கா பாரு.” இல்லை. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் என்று நாலு ஃபோல்டர்தான். சைஸ் பார்த்தால், பழைய சி டிரைவில் நிரம்பியிருந்த அளவில் கால்வாசிகூட வரவில்லை.

அதாவது இமேஜுக்குக் காசு வாங்கிக்கொண்டு காப்பி பேஸ்ட் செய்து கொடுத்திருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் என் வேலை மாட்டிக்கொண்டது. டாலிபிரைம் (நான் வைத்திருக்கும் டாலி பதிப்பு) டேட்டா டாக்குமெண்ட்ஸில் இருக்காது. நாமாக மாற்றாவிட்டால் சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் பப்ளிக், அதற்குள் டாலிபிரைம், அதற்குள் டேட்டா என்ற ஃபோல்டரில் இருக்கும். குரோம் விவரமெல்லாம் ஆப்டேட்டா என்ற மறைந்திருக்கும் ஃபோல்டரில். எழுத்துருக்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள். நாலு ஃபோல்டரை இழுத்துப் போட்டால் இவை எதுவும் வராது. இமேஜ் என்பது டிஸ்க்கின் அந்தப் பிரிவையே (பார்ட்டிஷன்) விண்டோஸ், புரோகிராம், செட்டிங், மறைந்த ஃபோல்டர் என்று ஒன்று விடாமல் படியெடுப்பது. நான் பணம் கட்டியது அதற்குத்தான்.

மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டேன். முதலில், “ஃபைல் எல்லாம் இருக்குல்லக்கா, விண்டோஸைத்தான் ஃப்ரெஷ்ஷா போட்டுக் கொடுத்தோமே” என்றான். பில்லை எடுத்து மேசையில் வைத்த பிறகு உண்மை வந்தது. “இமேஜ் எடுத்தோம்க்கா. ஏறல. 1 டிபி டிஸ்க்கோட இமேஜ், 500 ஜிபி-ல ஏறாது.”

விண்டோஸோடு வரும் இமேஜ் வசதியில் அந்தச் சிக்கல் உண்டு என்பது நிஜம். உள்ளே டேட்டா கொஞ்சமாக இருந்தாலும், பழைய டிஸ்க்கைவிடச் சின்ன டிஸ்க்கில் திருப்பி ஏற்ற மறுக்கும். ஆனால் இது தொழில் செய்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது. பார்ட்டிஷனை முதலில் சுருக்கிவிட்டு வேறு மென்பொருளில் குளோன் செய்யலாம், அதாவது பழைய டிஸ்க்கை அப்படியே புது டிஸ்க்குக்கு நகலெடுக்கலாம். எஸ்எஸ்டி தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் பல இதற்கான மென்பொருளை இலவசமாகவே தருகின்றன. அதுவும் தெரியாது என்றால் ஒரு போன் பண்ணியிருக்கலாம். “ஏறல, என்ன செய்யட்டும்?” என்று கேட்டிருந்தால் டிஸ்க்கை அப்படியே வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

சரி, எடுத்த இமேஜ் எங்கே என்றேன். இடம் வேண்டி அழித்துவிட்டார்களாம். பழைய டிஸ்க்? ஃபார்மேட் செய்து வேறு யாருக்கோ போட்டுக் கொடுத்தாகிவிட்டதாம். என்னைக் கேட்காமல்! சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் குயிக் ஃபார்மேட் மட்டும் செய்திருந்து மேலே எதுவும் எழுதாமல் இருந்தால், ரிகவரியில் மீட்க ஓரளவு வாய்ப்பு உண்டு. அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். இதைவிட எனக்குப் பதறுவது வேறு: நான் கணக்கு எழுதும் கடைக்காரர்கள் என்னை நம்பிக் கொடுத்த வரவு செலவு, ஜிஎஸ்டி எண், வங்கி விவரம் எல்லாம் இருந்த டிஸ்க் இப்போது யார் வீட்டில் இருக்கிறதோ.

ஆடிட்டரிடம் மார்ச் வரைக்குமான டாலி பேக்கப் இருந்தது. அதற்குப் பிந்தையதை ஜிஎஸ்டி போர்ட்டலில் தாக்கல் செய்த ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மெண்ட், கடைகளின் பில் கட்டு, இவற்றை வைத்து மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ராத்திரி சமையலறை வேலை முடிந்தபின் உட்கார்ந்தால் நள்ளிரவு தாண்டிவிடுகிறது.

எது எடுப்பது என்று கேட்பவர்களுக்கு என் கருத்து: வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஃபைல் பேக்கப்தான் முதலில், அதுவும் அடிக்கடி. விண்டோஸில் இருக்கும் ஃபைல் ஹிஸ்டரியை ஒரு எக்ஸ்டர்னல் டிரைவில் ஆன் செய்தால், டிரைவ் இணைந்திருக்கும்வரை மணிக்கு ஒருமுறை தானே எடுக்கும். ஒரு ஃபைலின் பழைய வடிவமும் கிடைக்கும். ஆனால் டாலி டேட்டா மாதிரி ஒதுக்குப்புறத்தில் இருப்பதை அது தானாகத் தேடிப் போகாது. டாலியிலேயே பேக்கப் இருக்கிறது, அதைத் தனியாக எடுத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் ஆன்லைன் சேமிப்பான ஒன்டிரைவில் இலவசம் 5 ஜிபிதான். அதில் ஏறுவது ஃபைலும் செட்டிங்கும், டாலி மாதிரி புரோகிராம்கள் ஏறாது.

இமேஜ், டிஸ்க் மாற்றுவதற்கு முன்னால் கட்டாயம். மற்றபடி புது மென்பொருள் போட்டு எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் ஒன்று எடுத்தால் போதும். கன்ட்ரோல் பேனலில் ‘பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)’ என்று பழைய பெயரிலேயே அந்த வசதி இன்னும் இருக்கிறது. அதை டி டிரைவில் மட்டும் எடுக்காதீர்கள். நம் ஊர்க் கடைகளில் ஒரே டிஸ்க்கைத்தான் சி, டி என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். எடுத்த விஎச்டிஎக்ஸ் ஃபைலை டிஸ்க் மேனேஜ்மெண்டில் அட்டாச் செய்தால் தனி டிரைவாகத் திறக்கும். கடையில் எடுத்தாலும் அங்கேயே திறந்து காட்டச் சொல்லி, நமக்கு வேண்டிய ஒரு ஃபைலைப் பார்த்துவிட்டு, அதன்பிறகு டிஸ்க்கில் கை வைக்க விடுங்கள்.

பேக்கப்புக்கு வாங்கிய பணத்தை மட்டும் திருப்பித் தருகிறேன் என்கிறார்கள். நான் வாங்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு, செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் கிடையாது. பில், பேக்கப் ஃபோல்டரின் ஸ்கிரீன்ஷாட், கடையோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் பிரிண்ட் எடுத்து வைத்துவிட்டேன். பழைய டிஸ்க் யாரிடம் இருக்கிறது என்று எழுத்தில் பதில் வரும்வரை விடப்போவதில்லை.