கல்லா, கேப்பா, பிரைமரா? மசில்லோடர் ரைஃபிள்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் மசில்லோடர் ரைஃபிளோடு மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு ஆண்டில் இரண்டு பருவங்கள் உண்டு. அக்டோபரில், கொம்பில்லா மான்களுக்கென்று ஒதுக்கிய பருவத்தில், ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்திய நவீன இன்லைன் ரைஃபிளோடு காட்டுக்குள் நுழையலாம். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு தொடங்கும் அடுத்த பருவத்தில் அந்த ரைஃபிள் செல்லாது. சக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பிடிக்கும் ஃப்ளின்ட்லாக் மட்டுமே அனுமதி. 1974இல் தொடங்கிய அந்த இரண்டாவது பருவத்துக்காகவே ஆண்டு முழுவதும் காத்திருப்பவர்கள் உண்டு. முதல் பருவம் இருக்கும்போது இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு வகையையும் சில ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறேன் என்பதால், எது எங்கே நிற்கிறது என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன்.

முதலில் பொதுவான சங்கதி. இரண்டிலும் தோட்டா கிடையாது. வெடிமருந்தையும் குண்டையும் தனித்தனியே குழலின் வாய் வழியாக உள்ளே விட்டு, இடிகோலால் கெட்டித்து, ஒரு வெடி தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் நரிக்குறவர்களின் தோளில் தொங்கிய நாட்டுத் துப்பாக்கியைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. ஆனால் அது ரவை சுடுவதற்கான வழுவழுப்பான குழல் கொண்டது. இங்கே நான் பேசுவது குழலின் உட்சுவரில் முறுக்கு வரிகள் வெட்டிய ரைஃபிள்களைப் பற்றி. ஒற்றைக் குண்டு அந்த வரிகளைப் பற்றிச் சுழன்றுகொண்டே வெளியேறுவதால்தான் நேராகப் போகிறது.

பழைய வகையையும் புதிய வகையையும் பிரிப்பது, தீ எந்த வழியாக மருந்தைப் போய்ச் சேர்கிறது என்பதுதான். மருந்தின் தேர்வு, குண்டின் வடிவம், துடைக்கும் வேலை, ஏன், சட்டத்தின் பிடிவாதம்கூட இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கிறது.

ஃப்ளின்ட்லாக்கில் குதிரையின், அதாவது விசையை இழுத்தால் பாய்ந்து அடிக்கும் சுத்தியின், வாயில், தோல் துண்டு சுற்றி இறுக்கிய கல் ஒன்று இருக்கும். விசையை இழுத்தால் குதிரை முன்னே பாயும். கல் எதிரே நிற்கும் எஃகுத் தகட்டைச் சுரண்டி, அதைத் தள்ளித் திறக்கும். அப்போது செதுங்கி விழும் எஃகுத் துகள்கள்தான் தீப்பொறி. அவை கீழேயுள்ள சிறு கிண்ணியில் தூவிய பொடிமருந்தில் விழ, அது குப்பென்று எரிய, அந்த அனல் குழலின் பக்கவாட்டிலுள்ள ஊசித்துளை வழியாக உள்ளே பாய்ந்து, அதன் பிறகே குண்டு கிளம்புகிறது. கல் கூர் மழுங்கினால் பொறி விழாது. கிண்ணியில் ஈரம் பட்டால் மருந்து நமத்துவிடும். ஊசித்துளையில் புகைக்கரி அடைத்தால் தீ வாசலோடு நின்றுவிடும். கல்லுக்கு இங்கிலாந்தின் பிராண்டன் ஊர்க் கறுப்புச் சக்கிமுக்கிக் கல்லையே இன்றும் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. நெப்போலியன் காலப் போர்களுக்குத் துப்பாக்கிக் கல் செதுக்கிக் கொடுத்த ஊர் அது.

ஒரு ஜனவரிக் காலையில், நாற்பது தப்படி தூரத்தில் பெட்டை மான் ஒன்று பக்கவாட்டில் நிற்க, நான் குறி பார்த்து விசையை இழுத்தேன். கிண்ணி மட்டும் எரிந்து அடங்கியது, குழல் வெடிக்கவில்லை. மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நடந்தே போனது. இரவெல்லாம் பெய்த பனி மரக்கிளைகளிலிருந்து உருகிச் சொட்டிக்கொண்டிருந்ததையும், ஊசித்துளையைக் கம்பியால் குத்திப் பார்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்ததையும் பிறகுதான் உணர்ந்தேன். அன்றிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை கிண்ணியைத் துடைத்துப் புதுமருந்து தூவுகிறேன். குதிரையும் கிண்ணியும் அமைந்த பூட்டின்மேல் மெழுகுத்தோல் உறையும் போட்டுவைக்கிறேன். ஃப்ளின்ட்லாக் வைத்திருப்பவர் காட்டில் மானை மட்டும் கவனித்தால் போதாது. வானத்தையும் கவனிக்க வேண்டும்.

இந்தத் தொல்லைக்கு முதல் தீர்வைக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி என்ற ஊரில் பாதிரியாராக இருந்த அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சித். கிண்ணியின் ஒளியைக் கண்டு பறவைகள் குண்டு வருவதற்குள் விலகிவிடுவதைப் பார்த்த அவர், தட்டினாலே வெடிக்கும் இரசாயனத்தைப் பயன்படுத்தும் பூட்டுக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்ததுதான், அத்தகைய இரசாயனம் அடைத்த சின்னத் தொப்பி போன்ற செம்புக் கேப். பக்கவாட்டுக் குதிரை, ஒரு காம்பின் தலையில் மாட்டிய கேப்பை அடிக்கும். தீ அந்தக் காம்பின் துளை வழியே இறங்கும். செயின்ட் லூயிஸில் ஹாக்கன் சகோதரர்கள் மலைநாட்டு வேட்டையர்களுக்குச் செய்து கொடுத்த கனத்த ரைஃபிள்களின் புகழ் இந்தப் பூட்டோடு சேர்ந்தது. கேப்லாக்கும் மரபு வகைதான். ஆனால் மழையில் அது ஃப்ளின்ட்லாக்கைவிடப் பல மடங்கு நம்பகமானது.

இன்லைன் என்பது 1985இல் மிசூரியைச் சேர்ந்த டோனி நைட் கொண்டுவந்த எம்கே-85 ரைஃபிளால் பரவலானது. தீ பக்கவாட்டில் வளைந்து வராமல், குழலின் பின்பக்கத்திலிருந்து மருந்துக்கு நேர்க்கோட்டில் பாய்கிறது. பெயரின் காரணமும் அதுவே. இன்றைய இன்லைன்கள் பெரும்பாலும் ஷாட்கன் தோட்டாவின் அடியில் தீமூட்டியாக இருக்கும் 209 பிரைமரைப் பயன்படுத்துகின்றன. சாதாரணக் கேப்பைவிட அதன் அனல் மிக அதிகம். மூடிய அறைக்குள் இருப்பதால் மழை அதை எளிதில் தொடாது. விசையை இழுத்தால் வெடிக்கும். அவ்வளவுதான்.

சுடுகளத்தில் இந்த வேறுபாடு உடம்பில் தெரியும். ஒரே பிற்பகலில் ஐம்பது கெஜத்தில் இரண்டையும் சுட்டேன். இன்லைனில் மூன்று குண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. நான் தனியாக எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஃப்ளின்ட்லாக்கில் ஐந்து குண்டுகள் உள்ளங்கையளவு இடத்தில் அடங்குவதற்கே அன்று என் முழுக் கவனமும் தேவைப்பட்டது. விசைக்கும் வெடிக்கும் நடுவே ஓர் இமைப்பொழுது இருக்கிறது. அதற்குள் கண்ணுக்கு ஒரு சாண் முன்னால் தீ எழும்புகிறது. கண் மூடத் துடிக்கும், தோள் பின்வாங்கப் பார்க்கும். இரண்டையும் அடக்கி, குண்டு இலக்கைத் தொடும் வரை குறியை விடாமல் நிற்கப் பழக வேண்டும். பூட்டு நன்றாக அமைந்து, கல் கூராக இருந்தால் அந்த இடைவெளி மிகவும் சுருங்கும். ஆனாலும் இல்லாமல் போகாது. ஃப்ளின்ட்லாக்கில் நன்றாகச் சுடக் கற்றவர் வேறு எந்தத் துப்பாக்கியிலும் நன்றாகச் சுடுவார் என்று சொல்வார்கள். என் அனுபவத்தில் அது உண்மை.

அடுத்து மருந்து. மரபான கருமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்த பிறகு அதன் எடையில் பாதிக்கு மேல் திடக்கழிவாகவே தங்குகிறது. தீபாவளி மறுநாள் தெருவில் தங்கும் அதே கரியும் அதே வாசமும். அந்தக் கழிவு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒரே இரவில் குழலைத் துருவேற்றத் தொடங்கிவிடும் என்பதால், சுட்ட அன்றே துடைத்தாக வேண்டும். நான் குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, அடிப்பக்கத்தை வெந்நீர் வாளியில் நிறுத்தி, துணி சுற்றிய கோலை மேலும் கீழும் இழுப்பேன். தண்ணீர் மையாகக் கறுக்கும். அழுகிய முட்டை வாடை எழும். வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை விட முடியாது. இன்லைனில் பின்பக்க அடைப்பைத் திருகிக் கழற்றிவிட்டு, குழலை ஒருபுறமிருந்து மறுபுறம் ஊடுருவித் துடைக்கலாம். வேலை பாதியாகக் குறைகிறது. ஆனால் அந்த அடைப்பின் மரைக்கு மசகு பூச மறந்தால், அது இறுகிப்போய்க் கழற்றவே முடியாமல் ஆகிவிடும்.

1970களில் வந்த பைரோடெக்ஸ் முதற்கொண்டு, கருமருந்துக்கு மாற்றாகப் பல மருந்துகள் கிடைக்கின்றன. அளந்து ஊற்றும் தேவையில்லாமல் வில்லையாகவும் விற்கிறார்கள். அவற்றைப் பற்றவைக்க அதிக வெப்பம் வேண்டும். ஆகவே இன்லைனுக்கு அவை பொருந்தும். ஃப்ளின்ட்லாக்கின் பொறிக்கு உண்மையான கருமருந்தே வேண்டும். அதை விற்கும் கடைகளோ குறைவு. மரபு வகையைத் தேர்ந்தெடுக்கும் முன் பலரும் விசாரிக்கத் தவறுவது இதைத்தான். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: இக்காலத் தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தை, அதற்கென்றே கட்டப்படாத மசில்லோடரில் போடவே கூடாது. குழல் வெடித்துக் கையும் கண்ணும் போகும்.

குண்டைப் பொறுத்தவரை, மரபு வகை துணியில் பொதிந்த ஈய உருண்டையைச் சுடுகிறது. 0.50 அங்குலக் குழலுக்கு 0.490 அங்குல உருண்டை, சுமார் 177 கிரெயின், அதாவது பதினொன்றரை கிராம். மெழுகோ கொழுப்போ தடவிய பருத்தித் துணி உருண்டைக்கும் குழலின் வரிகளுக்கும் நடுவே இறுகி, சுழற்சியைக் கடத்துகிறது. சுட்ட பிறகு சில கெஜம் முன்னே விழுந்து கிடக்கும் துணியை எடுத்துப் பார்த்தால் மருந்தின் அளவும் துணியின் தடிமனும் சரியா என்று சொல்லிவிடலாம். ஓரம் கருகாமல், நடுவில் கிழியாமல் இருந்தால் எல்லாம் சரி. உருண்டைக்கு மெதுவான முறுக்கு போதும்: 60, 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இன்லைன் குழலில் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருக்கும்; பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த நீண்ட கூர்முனைக் குண்டுக்காக அமைத்தது அது. உருண்டை காற்றை எதிர்த்துச் செல்லும் திறன் அற்றது. நூறு கெஜம் போவதற்குள் தன் ஆற்றலில் பாதிக்கு மேல் இழந்துவிடும். இன்லைனோ, ஸ்கோப்போடு, பயிற்சி உள்ளவர் கையில் இருநூறு கெஜம் வரை மானுக்குப் போதுமானது. இதில் மரபு வகைக்காக வாதாட எதுவும் இல்லை. உருண்டை சுடுகிறவர் எழுபது, எண்பது கெஜத்துக்கு மேல் விசையைத் தொடாமல் இருக்க வேண்டும்.

விலையைச் சுருக்கமாகச் சொன்னால், ஆலையில் செய்த இன்லைன் சில நூறு டாலரில் கிடைக்கும். கைவினைஞர் ஒருவர் மேப்பிள் கட்டையில் இழைத்துச் செய்யும் நீள்குழல் ரைஃபிள் பல ஆயிரம் டாலர். பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்களின் கைவண்ணம் அந்த மரத்தில் இன்னும் வாழ்கிறது. நடுவிலே, ஆலையில் செய்யும் ஹாக்கன் பாணி ரைஃபிள்கள் இருக்கின்றன.

சட்டத்துக்கு வருகிறேன். கொலராடோவில் மசில்லோடர் பருவத்தில் ஸ்கோப், பிளாஸ்டிக் உறைக்குண்டு, மருந்து வில்லை மூன்றுக்கும் தடை. ஐடஹோவில் 209 பிரைமருக்கே தடை. குதிரை வெளியே தெரிய வேண்டும். இவை வெறும் பழமைப் பற்று என்று இன்லைன் தரப்பு குறைப்பட்டுக்கொள்வதை நான் ஏற்கவில்லை. தனிப் பருவம் தரப்பட்டதே, இந்தத் துப்பாக்கியால் நெருங்கிப் போய்த்தான் சுட முடியும், குறைவான மான்களே விழும் என்ற கணக்கில்தான். அந்தக் கணக்கைத் தாண்டிய கருவிக்கும் அதே சலுகையைக் கேட்பது நியாயமாகப் படவில்லை. ஆனால் எதிர்த்தரப்பில் ஒரு வாதம் வலுவானது: விலங்கைக் காயப்படுத்தித் தப்பவிடுவதைவிட, ஒரே வெடியில் வீழ்த்துவது மேல். பயிற்சிக்கு நேரம் இல்லாதவர், கண்பார்வை மங்கியவர், ஆண்டுக்கு இரண்டு நாள் மட்டுமே காட்டுக்குப் போகிறவர் ஆகியோருக்கு இன்லைனே பொறுப்பான தேர்வு. பென்சில்வேனியா இரண்டு பருவங்களாகப் பிரித்துக் கொடுத்த ஏற்பாட்டை நான் மதிப்பது இதனால்தான்.

புதிதாகத் தொடங்குகிறவர் என்னிடம் கேட்டால், 0.50 அங்குல ஹாக்கன் பாணிக் கேப்லாக் ஒன்றை வாங்கச் சொல்வேன். உருண்டையும் துணியும் அளவுக்குழாயும் கைக்குப் பழகும். மழைக்கு அவ்வளவாக அஞ்ச வேண்டியதில்லை. ஓராண்டு சுட்ட பிறகு, கல்லுக்குப் போவதா பிரைமருக்குப் போவதா என்பது தானே தெரிந்துவிடும். எதை வாங்கினாலும் முதல் நாளே இடிகோலைக் காலிக் குழலுக்குள் விட்டு, குழல் வாயோரத்தில் கோலின்மேல் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். மருந்தும் குண்டும் சரியாகக் கெட்டித்தபின் மீண்டும் விட்டு இரண்டாவது கோடு. முதல் கோட்டில் நின்றால் குழல் காலி. இரண்டாவதில் நின்றால் குண்டு மருந்தின்மேல் அமர்ந்திருக்கிறது. அதற்கும் மேலே நின்றால், குண்டு நடுவழியில் தங்கியிருக்கிறது அல்லது இரண்டு முறை கெட்டித்திருக்கிறது. அந்த நிலையில் குதிரையை ஏற்றக் கூடாது, கேப்பையோ பிரைமரையோ வைக்கக் கூடாது.