கஞ்சா கிளப்: பார்சிலோனாவும் பெர்லினும்

இரண்டு ஊரிலும் பெயர் கிளப்தான். ஆனால் பார்சிலோனாவில் அது உட்கார்ந்து புகைக்கிற இடம். பெர்லினில் வாங்கிக்கொண்டு கிளம்புகிற இடம், ஏறக்குறைய ரேஷன் கடை.

ஜெர்மனியில் எல்லாமே எழுத்தில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் உரிமம் பெற்ற சங்கங்கள், அதாவது இந்த கிளப்புகள், தங்கள் உறுப்பினர்களுக்காகக் கஞ்சா பயிரிடலாம். அதிகபட்சம் 500 உறுப்பினர்கள், லாபநோக்கு கூடாது, விளம்பரமும் கூடாது. சேர 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது அந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். சேர்ந்தால் மூன்று மாதமாவது நீடிக்க வேண்டும்; இன்னொரு சங்கத்தில் சேர முடியாது. ஓர் உறுப்பினருக்கு நாளுக்கு 25 கிராம், மாதத்துக்கு 50 கிராம் வரை. 21 வயதுக்குக் கீழே என்றால் மாதம் 30 கிராம், அதுவும் வீரியம் குறைந்த ரகம். சங்க வளாகத்திலோ வாசலிலிருந்து 100 மீட்டருக்குள்ளோ புகைக்கக் கூடாது. சுற்றுலாப் பயணிக்கு இங்கே வேலையே இல்லை.

ஸ்பெயினில் இதற்கெனத் தனிச் சட்டம் கிடையாது. தனியிடத்தில் புகைப்பது குற்றமல்ல, சங்கம் அமைப்பது உரிமை. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுத்தான் கிளப்புகள் ஓடுகின்றன. வழக்கமாக, பழைய உறுப்பினர் ஒருவர் அறிமுகப்படுத்தினால் சேரலாம். பார்சிலோனா இருக்கும் கட்டலோனியா மாநிலம் கிளப்புகளை முறைப்படுத்த 2017இல் இயற்றிய சட்டத்தை அரசியலமைப்பு நீதிமன்றம் அடுத்த ஆண்டே ரத்து செய்துவிட்டது. அதனால் நடத்துபவர் தலைமேல் வழக்கு எப்போதும் தொங்குகிறது. உறுப்பினரும் பொட்டலத்தோடு தெருவில் சிக்கினால் அபராதம் 601 யூரோவில் தொடங்கும்.

சோபாவும் அரட்டையும் பார்சிலோனாவில்தான். ஆனால் அந்தந்த ஊரிலேயே குடியிருப்பவருக்கு நான் ஜெர்மன் முறையைத்தான் சொல்வேன்: கெடுபிடி அதிகம், ஆனால் போலீஸ் பயம் இல்லை.