பனிக்கால நூலகமும் ஒரு பல்வலியும்

கதைகளில் நூலகம் வந்தால் போதும், ஜன்னல் வழியே வெயில் விழும், பழைய காகித வாசம் வரும், அலமாரிக்கு அந்தப் பக்கம் ஒரு காதல் தொடங்கும். கிளை நூலகத்தில் குப்பை கொட்டும் எங்களுக்கு இதைப் படித்தால் சிரிப்புதான் வரும். எங்களுக்குத் தெரிந்த வாசம், பழைய நாளிதழ்க் கட்டுக்குள் எலி குடித்தனம் நடத்துவது. பிலிப் லார்க்கினின் ‘எ கேர்ள் இன் வின்டர்’ நாவலில் இந்த ஜோடனை எதுவும் இல்லை. எழுதியவரே நூலகர்.

லார்க்கினை எல்லோருக்கும் கவிஞராகத்தான் தெரியும். 1955இலிருந்து 1985இல் இறக்கும்வரை இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பில் இருந்தவர். ஆனால் அவருடைய முதல் வேலை ஷ்ராப்ஷயரில் வெலிங்டன் என்ற சிற்றூரின் பொது நூலகத்தில், 1943 கடைசியில். கண்பார்வை சரியில்லை என்று ராணுவம் எடுத்துக்கொள்ளவில்லை. வயது 21, நூலகப் பயிற்சி என்று எதுவும் கிடையாது. புத்தகம் கொடுப்பதும் அவர், கொதிகலனுக்குக் கரி போடுவதும் அவர். அந்த வேலையில் இருந்துகொண்டே எழுதிய நாவல் இது. 1947இல் ஃபேபர் பதிப்பகம் வெளியிட்டது.

கதாநாயகி கேத்தரின் வெளிநாட்டுப் பெண். போர்க்காலம், இங்கிலாந்தில் ஏதோ ஒரு நகரத்து நூலகத்தில் உதவியாளர். எந்த நாட்டுக்காரி என்று கடைசிவரை ஆசிரியர் சொல்வதில்லை. பனி உறைந்து கிடக்கும் ஒரு சனிக்கிழமை. மேலதிகாரி ஆன்ஸ்டி அவளைக் கூப்பிட்டு நிற்கவைத்துப் பேச ஆரம்பிக்கிறார். திட்டினாலும் பரவாயில்லை. சுற்றி வளைத்து, தன் பெருமையையும் நடுநடுவே சொருகி, விடாமல் பேசுகிறார். இப்படி ஒருவரின் கீழ் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பக்கங்களில் வயிறு கலங்கும்.

அப்புறம் அவளுக்கு வரும் ‘அலுவல்’ என்ன தெரியுமா? பல்வலியில் துடிக்கும் சக ஊழியை மிஸ் கிரீனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது. வீட்டுக்குப் போகவேண்டியவர்கள் பல் டாக்டரிடம் போகிறார்கள். பல் பிடுங்கும் அந்தக் காட்சிதான் எனக்கு நாவலிலேயே பிடித்த இடம். அந்தச் சின்னப் பெண்ணின் பயம், குளிர், உடன் வந்தவளுக்கு வரும் எரிச்சல், எரிச்சலுக்குள்ளேயே முளைக்கும் இரக்கம் எல்லாம் கலந்து வருகிறது. வழியில் கைப்பை ஒன்று மாறிப்போகிறது. அதற்குள் ஒரு கடிதம். மீதியை நான் சொன்னால் பாவம்.

நடுப்பகுதி இழுவை. ஆறு வருடத்துக்கு முந்தைய கோடை, பேனா நண்பன் ராபினின் வீடு, தேநீர், ஆறு, படகு. இந்தியாவில் உத்தியோகம் பார்க்கும் ஸ்டார்மலாங் என்ற துரையும் வருகிறார். இரண்டு அத்தியாயம் குறைத்திருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் இதைத் தாண்டிக் குதித்துவிட்டு மூன்றாம் பகுதிக்குப் போனால், ராபின் திரும்ப வருவதன் கசப்பு பிடிபடாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வாங்கியது இணையத்தில் பழைய பிரதி. ‘மிக நல்ல நிலையில்’ என்று போட்டிருந்தார்கள். வந்தபோது முதுகு பிளந்து, அட்டையில் டேப். உள்ளே ஏதோ ஒரு இங்கிலாந்து நூலகத்தின் முத்திரை, மேலே ‘நீக்கப்பட்டது’ என்று இன்னொரு முத்திரை, தேதித் தாளும் ஒட்டியபடியே. கடைசித் தேதிக்கும் அதற்கு முந்தைய தேதிக்கும் பல வருட இடைவெளி. நானே கழிவுப் பட்டியல் தயாரிக்கிற ஆள் என்பதால் அந்த நூலகர்மேல் கோபம் வரவில்லை. விற்றவர்மேல் வந்தது. புதிய பதிப்பாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

நூலகர்–எழுத்தாளர் என்றதும் எல்லோரும் அர்ஜென்டினாவின் சிறுகதைக்காரர் போர்ஹெஸ் பெயரைத்தான் இழுக்கிறார்கள். அவர் நாவலே எழுதவில்லை. லார்க்கின் எழுதினார்: ஒரு வருடம் முன்பு வந்த ‘ஜில்’, பிறகு இது. மூன்றாவதற்கு முயன்றும் கைகூடவில்லை. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். ஆங்கிலம் கடினமில்லை, நடைதான் நிதானம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். அந்தப் படகுச் சவாரிக்காக ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.