குழு உளச்சிகிச்சை: எதற்கு எடுபடும், எங்கே சொதப்பும்

குழு உளச்சிகிச்சைக்கு ஒரு கெட்ட பேர் உண்டு. தனிச் சிகிச்சைக்கு வசதியில்லாதவர்களுக்கான மலிவுச் சரக்கு என்பார்கள். அந்தப் பேர் சும்மா வரவில்லை. 1905-ல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் காசநோயாளிகளை வாரம் ஒருமுறை ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். வசதியற்ற அத்தனை பேருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியாது என்பதே காரணம். இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்தின் நார்த்ஃபீல்ட் ராணுவ மருத்துவமனையிலும் அதே நிலைமை. மனம் உடைந்து வந்த சிப்பாய்கள் ஏராளம், மருத்துவர்கள் சொற்பம். வில்ஃப்ரெட் பியோன், எஸ். எச். ஃபூக்ஸ் போன்றவர்களின் குழு முறைகள் அங்கேதான் உருவெடுத்தன. ஆக, சிக்கனத்துக்காகத் தொடங்கியது உண்மை.

சரக்கு மட்டம் என்பதுதான் பொய். ஒரே சிகிச்சை முறையைத் தனியாகவும் குழுவாகவும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பலன் ஏறக்குறைய சமமாகவே வருகிறது. பிறரோடு பழகுவதில்தான் சிக்கல் என்றால் குழுவையே முதலில் பரிந்துரைப்போம். எச்சரிக்கையும் ஒன்று உண்டு. நல்ல குழுவுக்கும் மோசமான குழுவுக்கும் உள்ள தூரம், குழுவுக்கும் தனிச் சிகிச்சைக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். எனவே ‘குழு நல்லதா?’ என்று கேட்பதைவிட ‘இந்தக் குழு எப்படி நடக்கிறது?’ என்று கேட்பதே பயன் தரும்.

முதலில், எதை வாங்குகிறோம் என்று தெளிவாக வேண்டும். ‘குரூப் தெரபி’ என்ற ஒரே பலகைக்குக் கீழே வெவ்வேறு பண்டங்கள் விற்கின்றன. திறன் பயிற்சிக் குழு ஒன்று. உணர்ச்சி கட்டுக்கடங்காமல் போகிறவர்களுக்காக மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த இயங்கியல் நடத்தைச் சிகிச்சையில் (DBT) வாரம் ஒருமுறை 2 முதல் 2½ மணி நேரம் வகுப்பு மாதிரியே நடக்கும். விழிப்புணர்வு (மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்தக் கணத்தில் நடப்பதை அப்படியே கவனிப்பது), இக்கட்டைத் தாங்குவது, உணர்ச்சியைச் சீராக்குவது, பிறரோடு பழகுவது என்று நான்கு பகுதிகள், வீட்டுப்பாடமும் உண்டு. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 24 வாரம். நாலு பேர் முன்னால் பேசவும் பழகவும் அஞ்சும் சமூகப் பதற்றத்துக்கான அறிவாற்றல் நடத்தைக் குழு (CBT) வேறு மாதிரி: சுமார் 6 பேர், இரண்டு சிகிச்சையாளர்கள், 12 வாரம். அஞ்சுவதை அறைக்குள்ளேயே செய்து பார்க்கவைப்பார்கள். மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு, அது மீளாமல் தடுக்க 8 வார மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட கையேடு, மனச்சோர்வுக்கு 8 அமர்வுக் குழு ஒன்றை விவரிக்கிறது. இழப்பு, தகராறு, வாழ்க்கை மாற்றம், தனிமை என்ற நான்கில் எது உறுத்துகிறதோ அதைப் பிடித்து வேலை செய்வது அதன் வழி. நிபுணர் அல்லாதவர்களும் பயிற்சி பெற்று அதை நடத்தலாம்.

இவற்றுக்கு வெளியே நிற்பது, பழகும் முறையையே பாடமாக எடுத்துக்கொள்ளும் திறந்த உரையாடல் குழு. பாடத்திட்டம் கிடையாது, மாதக்கணக்கில் ஓடும். இந்த மதிப்பீட்டில் பெரும்பகுதி இதைப் பற்றித்தான், ஏனென்றால் அதிகம் சாதிப்பதும் அதிகம் கெட்டுப்போவதும் இதுவே. குடியை விட முயல்பவர்களுக்காக 1935-ல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற பரஸ்பர உதவிக் கூட்டங்களில் சிகிச்சையாளரே கிடையாது. அவை பலருக்குக் கைகொடுக்கின்றன என்றாலும் இங்கே பேசும் சேவை அதுவல்ல.

அளவுகள் முக்கியம். 7, 8 பேர் சரியான எண்ணிக்கை. 5 முதல் 10 வரை ஓடும். ஐந்துக்குக் கீழே போனால், இரண்டு பேர் வராத வாரம் மிச்சமிருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்க ஒருவருக்குத் தனிச் சிகிச்சை நடக்கும். பத்தைத் தாண்டினால் பேசாமலே காலம் தள்ள வசதியாகிவிடும். நேரம் 90 நிமிடம். பேச்சு சூடுபிடிக்கவே இருபது நிமிடம் போகும் என்பதால் ஒரு மணி நேரம் போதாது; இரண்டு மணிக்கு மேல் நடத்துபவரே களைத்துவிடுவார். நாற்காலிகள் வட்டமாக இருக்க வேண்டும், நடுவில் மேசை கூடாது. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரிய வேண்டும் என்பதோடு, கைகளும் கால்களும் என்ன செய்கின்றன என்பதும் தெரிய வேண்டும்.

குழு எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல இர்வின் யாலோம் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 11 காரணிகளைப் பட்டியலிட்டார். நம்பிக்கை துளிர்ப்பது, ‘நமக்கு மட்டும் இல்லை’ என்று உணர்வது, பிறருக்கு உதவுவதால் தன் மதிப்பு கூடுவது, பிறந்த வீட்டுச் சண்டைகளை வேறு முடிவோடு மறுபடி வாழ்ந்து பார்ப்பது என்று நீளும். எல்லாம் ஒரே எடை இல்லை. ஆரம்ப வாரங்களில் நம்பிக்கையும் ‘நமக்கு மட்டும் இல்லை’ என்ற நிம்மதியும் ஆட்களைப் பிடித்து நிறுத்தும். பிறகு கனமான வேலையைச் செய்வது, ஒருவர் தன் நடத்தை மற்றவர்மேல் எப்படி விழுகிறது என்று நேருக்கு நேர் தெரிந்துகொள்வது. அதைத் தாங்க வைப்பது குழுவின் ஒட்டுதல்.

மாதிரிக்கு ஒரு காட்சி. குழுவின் மூன்றாவது மாதம். ஒரு பெண், தன் அலுவலகத்தில் யாரும் தன் பேச்சைக் காதில் வாங்குவதில்லை என்று பத்து நிமிடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், பார்வை தரையில். நடத்துபவர் அலுவலகத்தைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை.

“இப்ப இந்த ரூம்ல யாராவது உங்க பேச்சைக் கேக்கலைன்னு தோணுதா?”

அவர் எதிரில் இருப்பவரைக் காட்டுகிறார். அந்த ஆள் நெளிகிறார்.

“முதல்ல கேட்டுட்டுத்தாங்க இருந்தேன். நடுவுல ரெண்டு தடவை ஒண்ணு சொல்ல வந்தேன். நீங்க நிமிர்ந்தே பார்க்கல. சரி, நம்ம பேச்சு இவங்களுக்குத் தேவையில்ல போலன்னு விட்டுட்டேன்.”

பக்கத்தில் இருப்பவர் குறுக்கிடுகிறார்: “எனக்கு அப்படி இல்ல. உங்க குரல் கம்மினப்போ எனக்கு என்னமோ பண்ணுச்சு.”

நடத்துபவர் திரும்புகிறார்: “இந்த ரெண்டையும் கேக்கறப்போ உங்களுக்கு எப்படி இருக்கு?”

மொத்தம் இரண்டு நிமிடம். இதில் நடந்ததைக் கவனியுங்கள். வெளியே நடப்பதாகச் சொன்ன சிக்கல் அறைக்குள்ளேயே, எல்லோர் கண்முன் நடந்திருக்கிறது. தனிச் சிகிச்சையில் இது வெளியே வர நாளாகும், ஏனென்றால் அங்கே எதிரில் இருப்பவர் பொறுமையாகக் கேட்பதற்கென்றே உட்கார்ந்திருப்பவர். அவருக்குச் சலிப்பு வந்தாலும் நெளிய மாட்டார். இங்கே ஒரே பேச்சுக்கு இரண்டு விதமான எதிர்வினை கிடைத்தது. அதனால் ‘எல்லாரும் இப்படித்தான்’ என்ற கணக்கும் ஆட்டம் காண்கிறது. கடைசிக் கேள்விதான் சிகிச்சை. அது இல்லாவிட்டால் அந்தப் பெண் ஒரு குத்தலை மட்டும் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவார். இப்போது நடந்ததை உணர்வது, உடனே நின்று அதைப் புரிந்துகொள்வது என்ற இரண்டும் சேர்ந்து வர வேண்டும்.

முதல் பாதி மட்டும் நடக்கும் குழுக்கள் நிறைய. கொட்டித் தீர், அழுது தீர் என்று ஊக்குவிப்பார்கள். அன்றைக்கு இலேசாக இருக்கும், மறுவாரம் அதே இடம். 1973-ல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் மாணவர் குழு ஆய்வு இதற்குப் பழைய ஆதாரம்: குடைந்து, மோதி, உடனே உள்ளத்தைத் திற என்று நெருக்கிய தலைவர்களின் குழுக்களில்தான் பாதிக்கப்பட்டு வெளியேறியவர்கள் அதிகம். இன்னொரு கோளாறு இதற்கு நேர்மாறானது. நடத்துபவர் வட்டத்தில் ஒவ்வொருவராக எடுத்து, பத்துப் பத்து நிமிடம் ஆலோசனை சொல்லிவிட்டு அடுத்தவருக்குப் போவார். டோக்கன் போட்டுப் பார்க்கும் கிளினிக் மாதிரி. மற்ற ஏழு பேரும் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். குழுவில் மருந்தே அந்த ஏழு பேர் என்பது இவர்களுக்குப் புரிவதில்லை. பேச்சு உறுப்பினர்களுக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் போகிறதா, எல்லாம் நடத்துபவர் வழியாகவே போய் வருகிறதா என்று பார்த்தால் போதும். நாலாவது அமர்வுக்குள் தெரிந்துவிடும்.

கெடுவதில் பெரும்பகுதி முதல் அமர்வுக்கு முன்பே கெடுகிறது. சேர்ப்பதற்கு முன் ஒன்றிரண்டு தனிச் சந்திப்புகள் கட்டாயம் நடக்க வேண்டும். படிவத்தை நிரப்பினால் அடுத்த வாரம் வரலாம் என்று சொல்லும் இடத்துக்கு நாங்கள் மதிப்பெண்ணே போட மாட்டோம். தற்கொலை எண்ணம் முற்றிய நிலையில் இருப்பவர், மனச்சிதைவு தீவிரமாக இருப்பவர், போதையோடு வருபவர், வாராவாரம் வர வழியில்லாதவர் ஆகியோருக்கு இந்த வகைக் குழு பொருந்தாது. முதல் இருவருக்கும் உடனடியாக வேறு கவனிப்பு வேண்டும். ஒரே ஒரு முதியவர், ஒரே ஒரு பெண் என்று யாரையும் ஒற்றையாக விடுவதும் தவறு, அவர் முதலில் நின்றுவிடுவார். அடாவடி நடத்தையுள்ள பதின்வயதினரை மட்டும் ஒன்றாகப் போடுவது ஆபத்து. ஒருவன் சொல்லும் அத்துமீறலுக்கு மற்றவர்கள் சிரிக்கும் சிரிப்பே பரிசாகி நடத்தை மோசமாவதை உளவியலாளர் தாமஸ் டிஷியனும் சக ஆய்வாளர்களும் 1999-ல் எடுத்துக்காட்டினார்கள்.

அதே சந்திப்பில் விதிகளும் சொல்லப்பட வேண்டும். ரகசியம் காப்பது பற்றிப் பலருக்கு ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. சிகிச்சையாளரைத் தொழில் விதி கட்டுப்படுத்துகிறது. சக உறுப்பினர்களைப் பெரும்பாலும் அவர்கள் கொடுத்த வாக்குத்தான். நேர்மையான நடத்துபவர் இதை மறைக்காமல் சொல்வார். வீட்டில் போய் உங்களைப் பற்றிப் புரிந்துகொண்டதைச் சொல்லலாம், மற்றவர் பேரும் கதையும் வெளியே போகக் கூடாது. உறுப்பினர்கள் வெளியே சந்தித்துக்கொண்டால் அதை அடுத்த அமர்வில் சொல்லிவிட வேண்டும் என்பதும் நல்ல விதி. வெளியில் சேர்ந்து டீ குடிப்பதில் கெடுதல் இல்லை, அது ரகசியமாகும்போது இரண்டு பேர் சேர்ந்து மற்றவர்களிடம் வாய் மூடிக்கொள்கிறார்கள், அறையில் பேச்சு செத்துவிடுகிறது.

சேர்ந்தபின் வரும் சுணக்கத்தையும் எதிர்பார்க்கலாம். முதல் சில வாரம் எல்லோரும் பதவிசாக இருப்பார்கள், அறிவுரை ஆறாக ஓடும். பிறகு உரசல். ‘நீங்க எதுவுமே சொல்ல மாட்டேங்கறீங்களே’ என்று நடத்துபவர்மேல் கோபம் திரும்பும். எந்தக் குழுவும் கடந்து வருவதாக உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965-ல் சொன்ன நான்கு கட்டங்களில் இது இரண்டாவது. ஆட்கள் அதிகம் கழன்றுகொள்வதும் இந்த ஆரம்ப மாதங்களில்தான். கோபத்தை நடத்துபவர் சமாளித்து அடக்கினால் அது குழுவில் இளைத்தவர் ஒருவர்மேல் போய் இறங்கும்; அவர் பலியாடாவதைத் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் குழுவிலிருந்து எழுந்து வந்துவிடலாம். அப்படி எதுவும் இல்லையென்றால் 12 அமர்வு வரை பொறுத்துப் பார்ப்பது நியாயம்.

ஓயாமல் பேசும் ஒருவர் ஏறக்குறைய எல்லாக் குழுவிலும் இருப்பார். அவர் வாயை அடைப்பது சுலபம், பலன் குறைவு. மற்றவர்கள் ஏன் அனுமதிக்கிறார்கள் என்று கேட்பதே தேர்ந்த நடத்துபவரின் வேலை. அவர் பேசும்வரை தாங்கள் பேச வேண்டியதில்லை என்ற சௌகரியம் அவர்களுக்கு இருக்கிறது.

மருத்துவமனை வார்டுக் குழுக்களுக்கு வேறு அளவுகோல். தினமும் ஆள் மாறுவதால் ஒட்டுதலை எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு அமர்வும் அதனளவில் முழுமையாக, எளிய இலக்கோடு முடிய வேண்டும். இணையவழிக் குழு திறன் பயிற்சிக்கு நன்றாகவே எடுபடுகிறது. உரையாடல் குழுவுக்குச் சுமார்தான். திரையில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதே தெரியாது, மேலே சொன்ன காட்சியில் பாதி அங்கே காணாமல் போகும். எடுப்பதானால் கேமரா அணையாமல், ஹெட்போனோடு, கதவு சாத்திய அறையில் தனியாக உட்கார வேண்டும். இருக்குமிடமும் அவசரத்துக்கு அழைக்க ஒருவர் எண்ணும் நடத்துபவரிடம் இருக்க வேண்டும்.

பணம் கட்டுமுன் சில கேள்விகள். நடத்துபவருக்குக் குழு நடத்துவதில் தனிப் பயிற்சி உண்டா? தனிச் சிகிச்சையில் கெட்டிக்காரர்கள் பலர் வட்டத்தில் தடுமாறுவார்கள். அவர் வேலையை மேற்பார்க்க யாராவது இருக்கிறார்களா? புதியவர்கள் நடுவில் சேரலாமா? முன்னேற்றத்தைச் சில வாரத்துக்கு ஒருமுறை ஒரு சிறு கேள்வித்தாளிலாவது அளக்கிறார்களா? வராத வாரத்துக்கும் கட்டணம் உண்டா? பல இடங்களில் உண்டு. நாற்காலி உங்களுக்காகக் காலியாகவே இருப்பதால் அதைக் குறையாகச் சொல்ல மாட்டோம்.

நிற்பதானால் எத்தனை அமர்வு முன்னால் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுவையுங்கள். மூன்று நான்கு அமர்வு என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டு நின்றுவிட்டால், போன வாரம் தான் சொன்னதால்தான் அவர் போய்விட்டாரோ என்று யாராவது ஒருவர் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருப்பார், அடுத்த இரண்டு அமர்வும் அதிலேயே போகும்.