சவரக்கத்திக்கும் சமையல் கத்திக்கும் எந்தத் தீட்டுக்கல்?

ஒரே கல்லில் இரண்டையும் தீட்டலாம்தான். ஆனால் சவரக்கத்தியும் சமையல் கத்தியும் கல்லிடம் எதிர்பார்ப்பது வேறு வேறு. சமையல் கத்தியை ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்த்துக் கையால் பிடிக்கிறோம். கோணம் கொஞ்சம் ஆடினாலும் கத்தி வெட்டும். சவரக்கத்தியை அப்படியே படுக்க வைக்க வேண்டும். முதுகும் விளிம்பும் ஒரே நேரத்தில் கல்லில் படியும், முதுகின் தடிமன்தான் கோணத்தைத் தீர்மானிக்கும். கல் நடுவில் குழிந்திருந்தால் அந்தக் கணக்கே கெட்டுவிடும்.

செயற்கை நீர்க்கற்களிலிருந்து, அதாவது தண்ணீர் விட்டுத் தீட்டும் கற்களிலிருந்து ஆரம்பிப்போம். ஷாப்டன், நானிவா போன்ற ஜப்பானியக் கற்கள் வேகமாக அரைக்கும், கிரிட் எண்ணையும் (எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும்) நம்பலாம். 1000 கிரிட் கல்லில் துகள் ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரான், 8000-ல் ஒன்றிலிருந்து இரண்டு மைக்ரான். அமெரிக்க கிரிட் அளவு வேறு என்பதால் எண்ணை மட்டும் பார்த்து ஜப்பானியக் கல்லையும் அமெரிக்கக் கல்லையும் ஒப்பிடக் கூடாது. நீர்க்கல்லின் குறை, சீக்கிரம் குழிவது. கல்மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, வைரத் தகட்டில் தேயுங்கள். நடுவில் கோடு அழியாமல் நின்றால் அங்கே இன்னும் பள்ளம் இருக்கிறது. இன்னொன்று: சில கற்களை ஊறவைத்தே ஆக வேண்டும், சிலவற்றுக்குத் தண்ணீர் தெளித்தால் போதும், மக்னீசியாவால் பிணைத்த கற்கள் ஊறினால் விரிசல் விடும். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் கிடைக்கும் இயற்கைக் கல்லான அர்கன்சாஸ் கல் இதற்கு நேர் எதிர். நோவாகுலைட் என்ற பாறை, கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்கா. எண்ணெய் விட்டுத் தீட்டுவது வழக்கம். லேசில் தேயாது, குழியாது, ஆனால் மெதுவாகத்தான் அரைக்கும். கார்பன் எஃகுச் சவரக்கத்திக்குக் கடைசிக் கல்லாக அதன் கருப்பு வகையும் ஒளி ஊடுருவும் வகையும் அருமையானவை. வனேடியம் என்ற உலோகம் அதிகமுள்ள புது எஃகுக் கத்தியை இதில் வைத்தால் வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்த எஃகுக்குள் இருக்கும் வனேடியம் கார்பைடு துகள்கள் சிலிக்காவைவிட மிகக் கடினம், அவற்றை அரைக்க வைரம் போன்ற ஒன்று வேண்டும்.

வைரத் தகட்டின் பலம் அங்கேதான். குழியவே குழியாது, எந்த எஃகையும் அரைக்கும். ஆனால் கீறல் ஆழமாக விழும். விளிம்பு உடைந்த சவரக்கத்தியைச் சீர்செய்ய மட்டும் எடுக்கலாம், முடிப்பதற்கு வேண்டாம்.

பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் கிடைக்கும் கோட்டிக்யூல் என்ற இயற்கைக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், சவரக்கத்திக்காரர்கள் அதைக் கொண்டாடக் காரணம் இருக்கிறது. அதற்குள் இருக்கும் கார்னெட் என்ற கனிமத்தின் படிகங்கள் பல முகங்கள் கொண்டவை, கூர்முனைகள் மழுங்கலாக இருப்பதால் ஆழமாகக் கீறுவதில்லை. அதே கல்லின் சிறு துண்டால் மேலே தேய்த்தால் பால்போல் குழம்பு வரும், அப்போது வேகமாக அரைக்கும். ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் விட்டு நீர்க்க நீர்க்க வேகம் குறையும், கடைசியில் வெறும் தண்ணீரில் முடிக்கலாம். ஒரே கல்லில் முழு வேலையும் முடியும். அந்த விளிம்பு முகத்தில் மென்மையாக ஓடும். சிக்கல் என்னவென்றால், இயற்கைக் கல் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. உங்கள் கைக்கு வந்த கல்லின் போக்கை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் கல்லாக இதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

சரி, எதை வாங்குவது? சமையல் கத்திக்கு 1000 கிரிட் நீர்க்கல் ஒன்று, விருப்பமிருந்தால் 3000. அதற்கு மேல் வேண்டாம். 8000 வரை வழவழப்பாக்கிய விளிம்பு தக்காளித் தோலில் வழுக்கும், கொஞ்சம் பல் இருந்தால்தான் பிடிக்கும். சவரக்கத்திக்கு 1000, 4000 அல்லது 5000, 8000, அப்புறம் விளிம்பைத் தேய்த்து முடிக்க ஒரு தோல் வார். கூடவே கல்லைச் சமன்செய்ய ஒரு வைரத் தகடு.

பலரும் கடைசிக் கல்லுக்குத்தான் காசைக் கொட்டுகிறார்கள். உண்மையில் கூர் பிறப்பது 1000-ல். இரு பக்கச் சாய்வும் குதியிலிருந்து (கைப்பிடிப் பக்க முனை) நுனிவரை அங்கே சந்திக்காவிட்டால் 12000 கல்லும் மினுக்கத்தான் செய்யும். விளிம்பில் மார்க்கர் மை பூசி, கல்லில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மை அழியாத இடம் இருந்தால் அடுத்த கல்லுக்குப் போகாதீர்கள்.